மானியமா, கடனா, கூட்டா: ஒரு வெட்டுத்துணிப் பட்டறையின் கணக்கு

கொட்டாஞ்சேனையில் என் மச்சாள் ஒரு தையல் பட்டறை நடத்துகிறார். ஐந்து ஜூக்கி மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லொக் மெஷின், ஏழு பெண்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டி எஞ்சும் துண்டுகளை மூட்டைக் கணக்கில் வாங்கி, நிறம் பார்த்துப் பிரித்து, பை, கால்மிதி, தலையணை உறை என்று தைத்துப் புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தையில் இரண்டு கடைகளுக்கும் கொடுக்கிறார்கள். கைக்குள் அடங்கும் சின்னத் துண்டுகள்தான் மிஞ்சிப்போகின்றன. அவற்றைக் கிழித்துப் பஞ்சாக்கினால் மெத்தைக்கும் குஷனுக்கும் அடைக்க விற்கலாம். அதற்கு ஒரு மெஷின், கூடவே இன்னொரு ஓவர்லொக், த்ரீ பேஸ் மின் இணைப்பு. எல்லாம் சேர்த்து 15 இலட்சம் ரூபா வேண்டும்.

நான் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிற ஆள். "இப்ப எல்லாரும் சேர்குலர் எகானமி எண்டு காசு குடுக்கினமாம், எங்களுக்குக் கிடைக்காதோ?" என்று மச்சாள் கேட்டு மூன்று வருடமாகிறது. இடையில் ஒரு விண்ணப்பம் போட்டோம், கிடைக்கவில்லை. அப்புறம் பல விண்ணப்பப் படிவங்களைப் படித்தேன், பல கந்தோர்ப் படிகள் ஏறினேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சேர்குலர் எகானமி, தமிழில் சுழற்சிப் பொருளாதாரம், அதாவது பொருளைக் குப்பையில் போடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்துவது. அந்தப் பெயர் புதியது. வேலை கொழும்புக்குப் பழையது. பஞ்சிகாவத்தையில் பழைய வாகனத்தைப் பிரித்து ஒவ்வொரு உதிரியையும் மறுபடி விற்கிறார்கள். பழைய பேப்பர், போத்தல் எடுக்கிறவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்த மேட்டில் எங்கள் போன்ற பட்டறைகளின் மூட்டைகளும் கிடந்திருக்கும். இதைத் தொழிலாக மட்டும் என்னால் பார்க்க முடியாததற்கு அதுவே காரணம்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

பெரிய மானியம்

மச்சாள் முதலில் கேள்விப்பட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் சுவிட்ச் ஏசியா திட்டம். 2007 இலிருந்து ஆசிய நாடுகளில் நிலைபேறான உற்பத்திக்கும் நுகர்வுக்கும் காசு கொடுத்து வருகிறது. இலங்கையில் ஹோட்டல்களின் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றையும் குறைக்கும் வேலை ஒன்று இதன் கீழ் நடந்தது. இலங்கை வர்த்தக சம்மேளனம் அதை நடத்தியது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பலன் பெற்றது ஹோட்டல்கள், ஆனால் விண்ணப்பித்தது சம்மேளனம். இந்தத் திட்டம் வேலை செய்கிற விதமே அதுதான். விண்ணப்பம் ஒரு கூட்டமைப்பின் பெயரில் போக வேண்டும், அதற்கு முன்னணியில் இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு நிற்பதே வழமை. தொகை இலட்சக்கணக்கான யூரோவில் இருக்கும். முழுச் செலவையும் ஒன்றியம் தராது, ஒரு பங்கைக் கூட்டமைப்பே போட வேண்டும். முதலில் சுருக்கமான கருத்துக் குறிப்பு, அது தேறினால் முழு விண்ணப்பம், அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் அளவுகோல். எல்லாம் ஆங்கிலத்தில்.

ஏழு பேர் வேலை செய்யும் பட்டறை இதற்கு நேரே விண்ணப்பிக்க முடியாது. 2016 இல் வந்த சிறு, நடுத்தரத் தொழில் கொள்கையின்படி 10 பேருக்கு மேற்படாமலும் ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாவைத் தாண்டாமலும் உள்ள உற்பத்தித் தொழில் 'நுண்' தொழில். மச்சாளுடையது அதுதான். 'சிறு' தொழில் என்ற பெயர்கூட எங்களுக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் பலர் இங்கேயே திரும்பிப் போய்விடுகிறார்கள், அது பிழை. இப்படிப்பட்ட கூட்டமைப்புகள் தங்களுக்குக் கிடைத்த பெரிய மானியத்தின் ஒரு பகுதியைச் சின்னத் தொழில்களுக்கு உபமானியமாகப் பிரித்துக் கொடுக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் இடம் தருகின்றன. ஒரு தொழிலுக்குப் பொதுவான உச்சவரம்பு 60,000 யூரோ. எங்களுக்குத் தேவையான 15 இலட்சம் அதற்குள் தாராளமாக அடங்கும். ஆகவே பட்டறை செய்ய வேண்டியது விண்ணப்பம் எழுதுவதல்ல. விண்ணப்பம் எழுதுகிறவர்களின் கண்ணில் படுவது. வர்த்தக சம்மேளனம், தூய உற்பத்தி நிலையம், பல்கலைக்கழகத்தின் துணிநுட்பத் துறை, கழிவு விடயத்தில் வேலை செய்யும் அரச சார்பற்ற அமைப்புகள், இவர்களுக்கு, மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வெளியாகும் நேரத்தில் "களத்தில் உள்ள தொழில்கள்" தேவைப்படும். அந்தப் பட்டியலில் ஒரு வரியாகப் போய்ச் சேர்வதற்கு ஒரு பக்கக் கடிதமும் நம்பக்கூடிய நாலு எண்களும் போதும்.

குறை என்ன? காலம். அழைப்பு, கருத்துக் குறிப்பு, முழு விண்ணப்பம், ஒப்பந்தம், திட்டம் தொடங்குதல், அப்புறம்தான் உபமானிய அழைப்பு. ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக எண்ணிக்கொண்டு யாரும் காத்திருக்க வேண்டாம்.

சங்கத்தின் பெயரில் வரும் காசு

உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் இன்னொரு வழி. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக 1992 இல் உலகளவில் தொடங்கியது, இலங்கையில் 1994 முதல் இருக்கிறது. பல ஆண்டுகளாக உச்சத் தொகை 50,000 டொலராக இருந்தது. படிவம் ஒப்பீட்டளவில் எளிது, கேட்கிற கேள்விகள் தரையில் நின்று கேட்கப்பட்டவை. ஆனால் இது சமூக அமைப்புகளுக்கான காசு. தனியார் வியாபாரத்துக்குக் கிடையாது.

இதைக் கேட்டதும் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் உடனே யோசனை சொன்னார்: மரண சகாய சங்கத்தின் பெயரில் போடலாமே, செயலாளர் நம்ம ஆள்தானே. வேண்டாம் என்று மச்சாள் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். நானும் அதையே சொல்வேன். சங்கத்தின் பெயரில் வாங்கிய மெஷின் சங்கத்தின் சொத்து. நிர்வாகக் குழு மாறினால் மெஷின் யாருடையது என்ற கேள்வி வரும், அது கோயில் கணக்குச் சண்டையை விட மோசமாகப் போகும். உண்மையாகவே பத்துப் பதினைந்து பெண்கள் வீட்டிலிருந்து தைத்து ஒன்றாக விற்கிறார்கள் என்றால் கதை வேறு. அவர்கள் ஒரு சங்கமாகப் பதிந்து இந்த மானியத்துக்குப் போவதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. முதலாளி ஒருவர், கூலிக்கு ஏழு பேர் என்றால் இது நமக்கான வழி அல்ல.

வியாபாரத்துக்கே நேரே தரும் போட்டி மானியம்

இவை அவ்வப்போது வரும். தெற்காசியாவின் ஆறுகளிலும் கடல்களிலும் பிளாஸ்டிக்கைக் குறைக்க உலக வங்கி 2020 இல் 5 கோடி டொலர் அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதை நடத்தியது தெற்காசியச் சுற்றாடல் கூட்டுறவு அமைப்பு. அதன் தலைமையகமே கொழும்பில்தான். அதில் தனியார் தொழில்களும் போட்டியிடக்கூடிய மானியங்கள் இருந்தன. கோட்டையில் உள்ள ஹட்ச் என்ற தொழில்முனைவோர் கூடம் போன்ற இடங்கள் நடத்தும் பயிற்சிகளின் முடிவிலும் சில நேரம் சிறு தொகைகள் கிடைக்கும்.

நேரே நமக்கே காசு வரும், மெஷின் நமது பெயரில் இருக்கும். அதுதான் இதன் பலம். ஆனால் நாங்கள் தோற்றது இப்படிப்பட்ட ஒன்றில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் பிழை, அழைப்பின் சொல்லுக்கு ஏற்றபடி தொழிலை வளைத்தது. அழைப்பு பிளாஸ்டிக்கைப் பற்றியது. பொலியெஸ்டரும் பிளாஸ்டிக்தான் என்று பிடித்துக்கொண்டு, பட்டறைக்கு வரும் பருத்தித் துண்டுகளை எல்லாம் ஓரம் தள்ளி, பொலியெஸ்டர் மட்டும் வாங்குகிறவர்கள் போல எழுதினோம். மச்சாளின் வருமானத்தில் பெரும் பங்கு பருத்திப் பையில் வருகிறது. மானியம் கிடைத்திருந்தால் நல்ல சரக்கை விட்டுவிட்டு மூன்று வருடம் அந்த எழுத்துக்குக் கட்டுப்பட்டு ஓடியிருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை பெரியது. "மாதம் எத்தனை கிலோ கழிவு குப்பைக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது?" என்று ஒரு கேள்வி. மச்சாள் மூட்டைகளைக் கண்ணால் பார்த்தார், நான் கால்குலேட்டரில் பெருக்கினேன், "2 தொன்" என்று எழுதினோம். நிராகரிப்புக் கடிதத்தோடு வந்த குறிப்பில் ஒரு வரி: இந்த எண் அளந்ததா, ஊகமா? அதைப் படித்த அன்று இருவரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் மச்சாள் புறக்கோட்டைக்குப் போய் ஒரு தொங்கு தராசு வாங்கி வந்தார்.

இந்த வழியின் மற்றொரு ஆபத்தும் நம் கையில் இல்லாதது. காசு கொடுக்கும் நாட்டின் அரசியல் மாறினால் எல்லாம் நின்றுவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது இலங்கையிலும் யூஎஸ்எயிட் காசில் நடந்த வேலைகள் நடுவழியில் நின்றன. மானியத்தை நம்பி ஆள் எடுத்தவர்கள், கட்டடத்துக்கு முற்பணம் கட்டியவர்கள் என்ன செய்வார்கள்?

அரச நிறுவனங்கள்

இங்கே கைக்குக் காசு கிடைப்பது அரிது. காசுக்கு நிகரான வேறு சில கிடைக்கும். 2002 இல் ஐ.நா. கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பின் உதவியோடு தொடங்கிய தேசிய தூய உற்பத்தி நிலையம், பட்டறைக்கு வந்து எங்கே மின்சாரம் வீணாகிறது, எங்கே பொருள் வீணாகிறது என்று பார்த்து அறிக்கை தரும். அந்த அறிக்கை பின்னால் எந்த விண்ணப்பத்துக்கும் உயிர். மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள கைத்தொழில் அபிவிருத்தி சபை பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது. உலோகம் உருக்கும், அடிக்கும் தொழில் செய்கிறவர்கள் அதன் பழைய இரும்பு ஒதுக்கீட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். துணியின் கலவையை ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டுமென்றால் கொழும்பு 7 இல் கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம் இருக்கிறது. அரச கந்தோருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம், தமிழும் அரச கரும மொழிதான். நான் அப்படித்தான் எழுதுகிறேன், பதிலும் வந்திருக்கிறது.

கடன்

மானியத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் கடன் என்றதும் முகம் சுளிப்பார்கள். 2022 ஐ அனுபவித்த யாருக்கும் அது இயல்பு. அந்த வருடக் கடைசியில் வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த வட்டியே 25 வீதத்தைத் தாண்டியது. 2025 இல் அது ஒற்றை இலக்கத்தில் இருந்தது. மச்சாள் போன்றவர்களுக்கு அதைவிடக் கூடத்தான் கேட்பார்கள், என்றாலும் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய நிலை வந்திருக்கிறது.

அதோடு சலுகைக் கடன்களும் உண்டு. ஜப்பானின் காசில் தொடங்கி, திரும்பி வரும் தவணைகளையே மறுபடி கடனாகக் கொடுக்கும் சுழல் நிதிகள் இரண்டு: ஒன்று இ-ஃபிரெண்ட்ஸ், மாசைக் குறைக்கவும் கழிவை மறுபடி பயன்படுத்தவும் தேவைப்படும் மெஷினுக்கானது, மற்றது ஸ்மைல், சிறு, நுண் கைத்தொழிலுக்கானது. வங்கியின் சாதாரணக் கடன் மேசையில் இருப்பவர் இவற்றைத் தாமாகச் சொல்லமாட்டார். பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், இப்போது காசு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நகையை அடகு வைப்பதும் நம்மவர்களுக்குப் பழக்கமான வழி. ஒரு மாதத் தட்டுப்பாட்டுக்கு அது சரி, மூன்று வருடம் ஓடும் மெஷினுக்கு அல்ல.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 15 இலட்சம், 12 வீத வட்டி, 36 மாதம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்து செல்லும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 49,800 ரூபா. மூன்று வருடத்தில் கட்டும் வட்டி மொத்தம் 2 இலட்சத்து 93 ஆயிரத்துச் சொச்சம்.

இப்போது அதே 15 இலட்சத்தை மானியமாகக் கேட்கிறோம். நாங்கள் போட வேண்டிய பங்கு 20 வீதம் என்றால் 3 இலட்சம் எங்கள் கையிலிருந்து. மானியம் 12 இலட்சம். கடனின் வட்டியும் மானியத்தில் நமது பங்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை! ஆனால் கடனில் முதலையும் திருப்பிக் கட்ட வேண்டும், மானியத்தில் 12 இலட்சம் நமக்கே. ஆகவே கிடைத்தால் மானியம்தான் நல்லது, அதில் சந்தேகமில்லை. அந்தக் 'கிடைத்தால்' என்பதற்குத்தான் விலை போட வேண்டும். ஐந்து பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் என்று வைத்தால் 12 இலட்சத்தில் நாம் எதிர்பார்க்கக்கூடிய பெறுமதி 2 இலட்சத்து 40 ஆயிரம். புது மெஷின்களால் மாதம் 60,000 ரூபா மிச்சம் வரும் என்பது மச்சாளின் மதிப்பீடு. பத்து மாதம் காத்திருந்தால் போவது 6 இலட்சம். காத்திருப்பதற்கே இரண்டரை மடங்கு செலவு.

உங்கள் தொழிலில் எண்கள் வேறாக இருக்கும். மெஷின் வந்தாலும் வராவிட்டாலும் மாத வருமானம் பெரிதாக மாறாது என்றால் காத்திருப்பதில் நட்டமில்லை, மானியத்துக்குப் போங்கள். சாக்கு சாக்காகச் சரக்குத் தேங்கி, வாங்குகிறவர் வாசலில் நிற்கிறார் என்றால் மானியத்துக்காக மெஷினைத் தள்ளிப்போடுவது பிழை.

கடனில் இரண்டு எச்சரிக்கை. கிரிப் அறிக்கையை, அதாவது உங்கள் பழைய கடன்களின் பதிவைக் காட்டும் அறிக்கையை, முதலே எடுத்துப் பாருங்கள். எப்போதோ வாங்கிய தொலைபேசித் தவணை ஒன்று நிலுவையில் இருந்து கடன் நின்ற வீடுகளை எனக்குத் தெரியும். மற்றது, வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டையும் சேர்க்கும்போது

கடனை எடுத்து மெஷினை வாங்கிவிட்டு, மானியம் வந்ததும் கடனை அடைக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. ஒப்பந்தம் தொடங்கும் தேதிக்கு முன்னால் செய்த செலவை மானியம் பொதுவாக ஏற்காது. ஏற்கனவே பட்டறையில் நிற்கும் மெஷினுக்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

அதனால் தேவையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உடனே வருமானம் தருவது, அதாவது யாரும் 'புதுமை' என்று சொல்லமாட்டாதது, கடனுக்கு. மானியக்காரருக்குப் பிடிக்கும் பகுதி, அதாவது குப்பைக்குப் போவதை நேராகக் குறைப்பது, மற்றவர்களும் பார்த்துச் செய்யக்கூடியது, மானியத்துக்கு. மச்சாளின் விடயத்தில் ஓவர்லொக்கும் த்ரீ பேஸ் இணைப்பும் 6 இலட்சம், அது கடன். அதே 12 வீதத்தில் மாதம் 20,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவான தவணை. பஞ்சாக்கும் மெஷின் 9 இலட்சம், அது மானியத்துக்கு.

பழைய மெஷின் வாங்கினால் பாதி விலையில் முடியும், ஆனால் பல மானியங்கள் பழையதுக்குக் காசு கொடுப்பதில்லை. பொருளை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் மானியத்திலேயே இப்படி ஒரு விதி இருப்பது எனக்கு வருத்தம்தான். பழையது போதும் என்றால் அந்தச் சாமானையும் கடன் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

வற் வரியை மறக்க வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். வற் பதிவு இல்லாத நுண் தொழிலுக்கு அந்தக் காசு திரும்பி வராது. மெஷின் விலை 9 இலட்சம் என்று கொட்டேஷனில் இருந்தால் அது வற் சேர்ந்ததா சேராததா என்று கேட்டு, சேர்ந்த தொகையைத்தான் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். சேராத தொகை என்றால் வித்தியாசம் 1 இலட்சத்து 62 ஆயிரம், அது மச்சாளின் பையிலிருந்து போகும்.

தராசும் கொப்பியும்

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அளந்து எழுதுவது.

மச்சாளின் பட்டறை வாசலில், நிலைக்கு மேலே அடித்த கொக்கியில் அந்தத் தராசு தொங்குகிறது. மூட்டை வந்ததும் அதில் மாட்டி எடை பார்த்த பிறகுதான் உள்ளே போகும். அங்கே இருப்பவர்களில் வயதில் சின்னப் பிள்ளைதான் எழுதுகிறது. நாற்பது பக்க ஒற்றை ரூல் கொப்பி, ஆறு நிரல்: தேதி, யாரிடமிருந்து, வந்த கிலோ, தைத்த கிலோ, மிஞ்சிய கிலோ, மிஞ்சியது எங்கே போனது. அப்புறம் பிரிப்பு. கையில் பார்த்துத் தெரியாத துணியில் ஒரு நூலை இழுத்து நெருப்புக் குச்சியில் காட்டுவார்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம், விரலில் சாம்பல் பொடியும். பொலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கறுப்பு மணி போலக் கட்டியாகும். கலவை என்றால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். அதற்கும் கொப்பியில் ப, பொ, க என்று ஓர் எழுத்துப் போடுகிறார்கள். கொப்பியின் ஓரமெல்லாம் மெஷின் எண்ணெய்.

மூன்று மாதம் எழுதிய பிறகு கூட்டிப் பார்த்தோம். மாதம் சராசரி 620 கிலோ வருகிறது, 430 கிலோ தைபடுகிறது, 190 கிலோ மிஞ்சுகிறது. நாங்கள் எழுதிய 2 தொன் எங்கே, இது எங்கே! மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த விண்ணப்பம் தோற்றது நல்லதென்று அன்றுதான் மச்சாள் சொன்னார். மானியம் கிடைத்தால் விண்ணப்பத்தில் எழுதிய எண் ஒப்பந்த இலக்காகிவிடும். இல்லாத 2 தொன்னை மாதாமாதம் எங்கிருந்து காட்டுவது?

எண் சின்னதாக இருப்பது வெட்கமல்ல. 190 கிலோ என்று சொல்லி, இதோ கொப்பி என்று நீட்டினால் எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது. தூய உற்பத்தி பற்றிப் பேசப் போன இடத்திலும் வங்கியிலும் நான் அதைப் பார்த்தேன். வங்கி அதிகாரி ஐந்தொகையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுக் கொப்பியைத்தான் நின்று படித்தார்.

கடதாசி வேலை

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் எடுத்ததாக இருந்தால் கடனுக்குப் போதும். மானியம் தருகிறவர்கள் சிலர் கம்பனியாகப் பதிந்திருக்க வேண்டும் என்பார்கள். அழைப்பில் அப்படி இருந்தால் மட்டும் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்தால் போதும், அதற்கு முன் அவசரம் இல்லை. கம்பனியானால் வருடா வருடம் கணக்காய்வும் அறிக்கையும் செலவும் கூடவே வரும். வரி இலக்கம், வியாபாரப் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இரண்டு மூன்று வருட இலாப நட்டக் கணக்கு, இவை எல்லாவற்றுக்கும் தேவை. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து வைத்திருங்கள். கடைசி வாரத்தில் போனால் அவரிடம் வரிசை.

வெட்டுத்துணித் தொழிலுக்கே உரிய ஒன்றும் உண்டு. முதலீட்டுச் சபையின் கீழ் உள்ள ஆலைகள் தீர்வையில்லாமல் துணி இறக்குமதி செய்கின்றன. ஆகவே எஞ்சிய துண்டு வெளியே வருவதற்கும் முதலீட்டுச் சபையின், சுங்கத்தின் அனுமதி வேண்டும். இடைத்தரகரிடம் மூட்டை வாங்குகிறவர்கள் இதைப் பற்றி யோசிப்பதில்லை. மானியம் தருகிறவர் "பொருள் எங்கிருந்து வருகிறது" என்று கேட்கும்போது காட்ட ஒரு பற்றுச்சீட்டாவது வேண்டும். பஞ்சாக்கும் மெஷின் தூசும் சத்தமும் போடும் என்பதால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்பதை முதலே கேட்டுக்கொள்ள வேண்டும். மாசு குறைந்த தொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றமே, நமக்கு மாநகர சபையே, அதைத் தரும். மற்றவற்றுக்குப் பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகார சபை. மெஷின் வந்த பிறகு அயலவர் முறைப்பாடு செய்து, அப்புறம் உரிமத்துக்கு ஓடுவது பெருந்துன்பம்.

விண்ணப்பம் எழுதித் தருகிறேன், முன்பணமாகப் பத்து வீதம் தா என்று வருகிறவர்களிடம் கொடுக்க வேண்டாம். ஒழுங்கான மானியத்துக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. எழுத உதவுகிறவருக்கு வேலைக்கான கூலியைக் கொடுங்கள், மானியத்தில் பங்கைக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

6 இலட்சத்துக்குக் கடன் எடுத்தாயிற்று. புது ஓவர்லொக் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, மச்சாள் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுத்தான் நூல் கோத்தார். பஞ்சாக்கும் மெஷினுக்குத் தனியாகப் போட்டியிடவில்லை. துணிக்கழிவைப் பற்றி விண்ணப்பிக்கும் ஒரு கூட்டமைப்பில் களத் தொழில்களில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறோம். எங்கள் பங்கு ஒரு பக்கக் கடிதமும் மூன்று மாதக் கொப்பியின் பிரதியும்.

விண்ணப்பம் மூடுகிற நேரம் பிரசெல்ஸ் மாலை 4 மணி என்று போட்டிருந்தார்கள். கோடை காலத்தில் அது கொழும்புக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. நாங்கள் கடைசி நாளுக்கு நிற்கவில்லை; மூன்று நாள் முந்தி மருதானையில் ஒரு கடையில் கொப்பியைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். எண்ணெய்க் கறையில் ஓர் எண் மங்கலாக இருந்தது. 14 ஆ 19 ஆ என்று தெரியவில்லை. மச்சாள் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பிள்ளை யோசிக்காமல் சொன்னது: "பத்தொன்பது மாமி, அண்டைக்கு ரெண்டு மூட்டை வந்தது."